எரிந்துபோன நீதிமன்றத்தின் வாரிசுகள்

மனிதரில் ஓர் இனம் உண்டு. உயிரோடு இருக்கிற சொந்தக்காரனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். செத்து முந்நூறு வருஷமான சொந்தக்காரனைப் பார்க்க நானூறு மைல் கார் ஓட்டிப் போகும். இந்த இனத்துக்கு வம்சாவளிக்காரர் என்று பெயர். உலகம் முழுக்கக் காணக்கிடைத்தாலும் இது கொழுகொழுவென்று வளர்வது எங்கள் வர்ஜீனியாவில், அதிலும் ஆற்றங்கரைப் புகையிலைத் தோட்டங்கள் நிறைந்திருந்த எங்கள் மாவட்டத்தில்தான். நான் இங்கே நீதிமன்ற ஆவண அறையில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். இந்த இனம் மேய வருகிற இடம் என் மேஜை.

எப்படி அடையாளம் காண்பது? காலையில் நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார். கக்கத்தில் மூன்று கோப்புகள். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. கோட்டின் மார்பில் தபாலில் வரவழைத்த குலச்சின்னம். அதில் இருப்பது சிங்கமா, மழையில் நனைந்த நாயா என்று இதுவரை யாரும் தீர்மானித்ததில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. "நீங்க எந்த வீட்டுப் பிள்ளை?" என்றுதான் வரும். பெயரைச் சொல்லிவிட்டீர்களோ, தீர்ந்தது. உங்கள் அப்பாவைத் தாண்டி, தாத்தாவை ஓரமாகத் தள்ளி, நீங்களே கேள்விப்பட்டிராத ஒரு பாட்டியின் இரண்டாம் கல்யாணத்துக்குள் புகுந்து வெளியே வந்து, கடைசியில் 1680இல் உங்கள் முன்னோர் ஒருவர் தன் முன்னோர் ஒருவரின் பன்றியைத் திருடியதாக நிரூபித்துவிட்டுத்தான் மனிதர் உட்காருவார். நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது.

இவருடைய முன்னோர்களில் சிப்பாய் கிடையாது. எல்லாரும் கேப்டன், மேஜர், கர்னல். இத்தனை அதிகாரிகள் இருந்த படையில் துப்பாக்கியைத் தூக்கியது யார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒருவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நிம்மதியான மூன்று மாதம் அது.

தேனிலவுக்கு மனைவியை எங்கே கூட்டிப்போவார் என்று நினைக்கிறீர்கள்? கல்லறைத் தோட்டத்துக்கு. பாசி படிந்த கல்லில் எழுத்துத் தெரிய வேண்டுமென்றால் மாவு தடவ வேண்டும். மாவுப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனவர் புது மணப்பெண். அந்த அம்மாள் இன்னும் அவரோடுதான் குடித்தனம் செய்கிறார். அவர் பிறந்த வீட்டுப் பொறுமையைப் பற்றி எவரும் புத்தகம் எழுதக் காணோம்.

ஆற்றங்கரைக் குடும்பங்கள் நூறு வருஷம் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. அதனால் குலமரம் என்று இவர் விரிக்கிற பதினாலு அடித் துணியில், கிளை போன வழியே திரும்பி வந்து வேரோடு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும். இவர் தனக்கே ஆறாவது தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரர். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

ஒரு சொல் மட்டும் இவர் வாயில் வராது. அடிமை. "நம்ம ஆளுங்க" என்பார். "நம்ம ஆளுங்களையெல்லாம் குடும்பம் மாதிரி வச்சிருந்தாங்க" என்பார். குடும்பம் என்றால் அந்தப் பதினாலு அடித் துணியில் அவர்கள் எந்த ஓரத்தில் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நீதிமன்றம் எரிந்த கதை. 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் முடிகிற வாரத்தில், எங்கள் மாவட்ட நீதிமன்றம் பதிவேடுகளோடு எரிந்துபோனது. சரித்திரம் படித்தவர்கள் அதை நினைத்து இன்னும் அழுகிறார்கள். வம்சாவளிக்காரர் அழுவதில்லை. ஏன் அழ வேண்டும்? கர்னல் பட்டம் கொடுத்த தாள் எங்கே? எரிந்துவிட்டது. இங்கிலாந்துப் பிரபுவின் பேரன் என்பதற்குச் சான்று? எரிந்துவிட்டது. பாட்டனார் கப்பலில் சொந்தக் காசில் வந்தாரா, ஏழு வருஷக் கூலி ஒப்பந்தத்தில் வந்தாரா? ஐயோ, அதுவும் எரிந்துவிட்டது. இரண்டே அறை கொண்ட செங்கல் கட்டடத்துக்குள் அவ்வளவு பெருமை எப்படி அடைந்துகிடந்ததோ, எனக்குப் புரியவில்லை.

பொதுவாகப் பேசினது போதும். ஒரு மாதிரியைக் காட்டுகிறேன்.

லிட்டில்டன் செல்வுட் ப்ராக்டர். வயது எழுபத்திரண்டு, காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். குடும்பப் பெயர்களையே வரிசையாகக் குழந்தைக்கு வைப்பது எங்கள் ஊர் வழக்கம்; தொட்டிலில் கிடக்கும்போதே பிள்ளை ஒரு வக்கீல் கம்பெனி மாதிரி தோன்றும். 1653இல் கப்பலில் வந்து தோட்டம் போட்ட ரால்ஃப் செல்வுட் என்பவரின் வாரிசுகள் சங்கத்துக்கு லிட்டில்டன் பதினெட்டு வருஷமாகத் தலைவர். ரால்ஃபுக்குப் பிள்ளைகள் ஏழு. ஆண்டு விழாவில் பிள்ளைக்கு ஒரு நிறமாக ஏழு நிற நாடாக்கள். மூத்த மகன் வழிக்குச் சிவப்பு. சிவப்பு நாடாக்காரர் தட்டில் உணவு விழுந்த பிறகுதான் மற்ற நிறங்கள் வரிசைக்கு வரும். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும், நானும் மூன்றாம் மகள் வழி; என்னிடமும் ஒரு பச்சை நாடா இருக்கிறது. சங்கத்தின் செயலாளரும் நான்தான்.

லிட்டில்டனுக்குச் சிவப்பு எப்படி வந்தது? அவருடைய கொள்ளுத்தாத்தா கேப்டன் வில்லியம் ப்ராக்டர், 1840களில் தோட்டத்தின் எஜமானராக இருந்த தாமஸ் செல்வுட்டின் மகளை மணந்தாராம். தாமஸ் சிவப்பு வழி. அதில் சந்தேகமே இல்லை, சங்கமே புத்தகமாக அச்சிட்டிருக்கிறது. கல்யாணத்துக்குச் சான்று? அதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தோட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். நடுவே செங்கல் சுவர். சுவருக்கு உள்ளே பளிங்குக் கல்லும் பட்டங்களும். வெளியே ஊதாப் பூக் கொடி படர்ந்த தரையில் எழுத்தில்லாத கற்கள். அங்கே படுத்திருப்பவர்கள் காஸ்கின்ஸ் குடும்பத்துக் கறுப்பர்கள், அடிமைக் காலத்திலிருந்து. சுவரின் இரண்டு பக்கமும் நாற்பது வருஷமாகப் புல் வெட்டியவர் லூதர் காஸ்கின்ஸ், நண்டுப் படகுக்காரர். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை, யாரும் கூலி கொடுக்கவும் இல்லை. மாவட்ட நிர்வாகம் வெட்டுகிறது என்று சங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. நிர்வாகத்துக்கு நன்றிக் கடிதம்கூட அனுப்பினோம். கடிதம் எழுதியவன் நான்.

போன அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, லூதர் இறந்துபோனார். மறுநாள் அவர் தங்கை எர்னஸ்டீன், லிட்டில்டனைத் தேடிக்கொண்டு ஆவண அறைக்கு வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். லிட்டில்டனின் இரண்டு மகன்களும் அந்த பஸ்ஸில் ஏறி வளர்ந்தவர்கள்தான்.

"லூதர் போயிட்டான், மிஸ்டர் ப்ராக்டர். ஞாயித்துக்கிழமை எங்கப்பா பக்கத்துல வைக்கிறதா இருக்கோம். அது ஒண்ணுதான் அவன் கேட்டது. குழி வெட்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வந்தேன்."

"அடடா, லூதரா? நல்ல ஆளாச்சே. ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆளு." லிட்டில்டன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஆனா பாரு எர்னஸ்டீன், இப்பல்லாம் நெனச்ச இடத்துல குழி வெட்ட முடியாதும்மா. சுவருக்கு வெளியில இருந்தாலும் அது சங்கத்து நிலம். செல்வுட் வாரிசுங்களுக்கு உள்ளது."

"அப்ப நாங்க யாருன்னு நெனச்சீங்க?"

"கதையெல்லாம் நானும் கேட்டிருக்கேன். எல்லா வீட்லயும் ஒரு கதை இருக்கும். எனக்குக் காகிதம் வேணும்மா, காகிதம்."

"எங்கப்பா அங்க இருக்கார். தாத்தா இருக்கார். அவரைப் பெத்தவரும் அங்கதான் இருக்கார். மண்ணுக்குள்ள இருக்கிற மனுஷனைவிட உங்களுக்குக் காகிதம் பெரிசா?"

"கோவப்படாதே. இது உன்னைப் பத்தி இல்ல. பொதுவான ஒழுங்குமுறை."

இந்த இனம் 'பொதுவான' என்று சொன்னால் உங்களைத்தான் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. உப்பிட்ட பன்றித் தொடை வைத்த பிஸ்கட், வேர்க்கடலை, பக்கத்தில் பொதுவான ஒழுங்குமுறை. லிட்டில்டன் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: சங்கத்து நிலத்தில் எவரைப் புதைப்பதானாலும், செல்வுட் வாரிசு என்பதற்குத் தலைமுறைக்கு இரண்டு சான்று வேண்டும், அந்தச் சான்று அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், வாய்மொழி செல்லாது. சனிக்கிழமைப் பொதுக்குழு ஒப்புக்கொண்டால் அமலுக்கு வரும். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வாய் நிறைய பிஸ்கட் இருக்கும்போது யார் ஆட்சேபிப்பார்கள்? ஒன்பது கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது கை என்னுடையது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது கடுகுச் சாந்து இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை எர்னஸ்டீன் மறுபடி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தலைமுறைக்கு ரெண்டாமே. சரி, உங்ககிட்ட என்ன இருக்கு எங்க ஆளுங்களைப் பத்தி? எல்லாத்தையும் எடுங்க. சாயங்காலம் வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

எடுத்தேன். அடிமை விடுதலைக்குப் பிறகான கல்யாணப் பதிவுகளும் மக்கள்தொகைக் கணக்கும் நீதிமன்றம் எரிந்த பிறகு எழுதப்பட்டவை, அதனால் பத்திரமாக இருந்தன. லூதரின் அப்பாவும் தாத்தாவும் அவற்றில் தெளிவாக வந்துவிட்டார்கள். கொள்ளுத்தாத்தா ஆண்டனி 1866இல் தன் கல்யாணத்தைப் பதிந்தபோது, தகப்பன் பெயர் என்ற இடத்தில் தாமஸ் செல்வுட் என்று எழுதவைத்திருந்தார். அது ஒரு சான்று. இன்னொன்று? அடிமைக் காலத்தில் தேட வேண்டும். அப்போதுதான் அலமாரிக்கு மேலே கிடந்த டிரங்குப் பெட்டி கண்ணில் பட்டது. செல்வுட் வீட்டுப் பழைய தாள்கள். லிட்டில்டனே நாலு வருஷத்துக்கு முன் விழா வைத்து, போட்டோ எடுத்து, பத்திரிகையில் போட்டு எங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தது. தந்தவரும் திறந்து பார்க்கவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம். தாமஸின் கல்யாணமாகாத அக்கா மிஸ் சூசன் எழுதியது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடிமைகளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுப்பார்கள். வெறுங்காலோடு அவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு குச்சியைப் பாத நீளத்துக்கு வெட்டி, பெயரையும் அளவையும் மிஸ் சூசன் எழுதிவைப்பாள். இருபத்தேழு வருஷம் விடாமல் எழுதியிருக்கிறாள். மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்கள் சொத்தைப் பற்றி எழுதிவைக்க மறப்பதில்லை. எஜமானர்களின் கல்யாணமும் பட்டமும் ஊரில் எரிந்தன. அடிமைகளின் கால் அளவு வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

1847ஆம் வருஷத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஆண்டனி, வயது ஒன்பது. ஃபீபி பெற்றவன், என் தம்பி தாமஸின் மகன். தகப்பனைப் போலவே அகலப் பாதம். சென்ற வருஷத்து பூட்ஸ் கடித்துப் புண்ணாகிவிட்டது. தைப்பவன் கவனிக்க.'

எர்னஸ்டீன் அந்த வரியின் கீழே விரலை வைத்தார்.

"லூதருக்கும் அகலப் பாதம்" என்றார். "கடையில ஒரு ஷூவும் அவனுக்குச் சேராது. படகுல வெறுங்காலோடதான் நிப்பான்."

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பிரதி போடுங்க" என்றார். சாயங்காலம்வரை உட்கார்ந்து நோட்டின் மீதிப் பக்கங்களையும் படித்து முடித்தார்.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பொதுக்குழு. தீர்மானத்தைப் படித்து முடித்ததும் எர்னஸ்டீன் எழுந்துபோய்த் தாள்களை மேஜையில் வைத்தார். லிட்டில்டன் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1847க்கு வந்ததும் அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப்போவதில்லை. அனுபவித்தேன், அவ்வளவுதான்.

"பூட்ஸ் நோட்டுல ஒரு அம்மா கிறுக்கி வச்சதெல்லாம் ஒரு சான்றா?" என்றார்.

முன்வரிசையில் ஆக்னஸ் அத்தை இருந்தார். வயது எண்பத்தெட்டு, ஊதா நாடா, ஊரில் எல்லாருக்கும் அத்தை. "ஏண்டா லிட், அந்தப் பெட்டியைக் கொடுத்ததே நீதானே? 'எங்கள் குடும்பத்தின் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று'ன்னு மேடையில நீதானே பேசினே? நான் கேட்டேனே."

"அத்தை, அது வேற விஷயம்..."

"சரி, வேறயாவே இருக்கட்டும். உன் கேப்டன் வில்லியமுக்கு ரெண்டு காகிதத்தைக் காட்டு."

"உங்களுக்கே தெரியும், நீதிமன்றம் எரிஞ்சு..."

"எரிஞ்சுது. அவங்களுக்கும் அதே நீதிமன்றம்தான் எரிஞ்சுது. அவங்க கொண்டுவந்திருக்காங்களே." அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டார். "சுவருக்கு உள்ள உனக்குக் கல்லு தயாரா நிக்குது. பேரு வெட்டியாச்சு, பொறந்த வருஷம் வெட்டியாச்சு, இன்னும் ஒரே ஒரு தேதிதான் பாக்கி. இப்ப நல்லா கேட்டுக்கோ. இந்த விதி இருந்தா லூதர் உள்ள, நீ வெளிய. விதி இல்லேன்னா பழைய வழக்கப்படி ரெண்டு பேருக்கும் எடம் உண்டு. எதுடா வேணும் உனக்கு?"

கூடத்தில் நூற்றுநாற்பது வாரிசுகள் அவரவர் கொள்ளுத்தாத்தாவை மனத்துக்குள் அவசரமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேருக்கு இரண்டு காகிதம் தேறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும், எனக்கே தேறவில்லை. விதியைக் கைவிடலாமா என்று கேட்டபோது முதலில் உயர்ந்த கை லிட்டில்டனுடையது. இவ்வளவு வேகமாக அவர் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை லூதரைத் தன் அப்பாவின் பக்கத்தில் வைத்தார்கள். நண்டுப் படகுக்காரர்கள் ஆறு பேர் சுமந்தார்கள். சங்கத்திலிருந்து ஆக்னஸ் அத்தையும் நானும் போனோம். எர்னஸ்டீன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வியாழக்கிழமை நான் கை தூக்கியது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை கேட்கும் தைரியம் வரவில்லை.

இதோடு லிட்டில்டன் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? நீங்கள் மிகவும் நல்லவர். திங்கட்கிழமை காலை வாசலில் நின்றார். பூட்ஸ் நோட்டு வேண்டுமாம். எர்னஸ்டீனும் பிரதிகளுக்கான காசைக் கொடுக்க வந்திருந்தார். அவரைக் கண்டதும் லிட்டில்டன் நாற்காலியை இழுத்துப் போட்டார். எழுபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரைப் பார்த்து 'நீங்க' என்று வாயில் வந்தது.

"வாங்க எர்னஸ்டீன் அக்கா, உக்காருங்க. என்ன இருந்தாலும் நாம ஒரே ரத்தம். அந்த நோட்டை நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களே, அதுல வில்லியம் ப்ராக்டர்னு ஒரு பேரு எங்கயாவது கண்ணுல பட்டுதா? தாமஸ் வீட்டோட அவருக்குப் போக்குவரத்து இருந்ததுன்னு ஒரு வரி கெடைச்சாப் போதும்."

"பட்டுதே" என்றார் எர்னஸ்டீன். "ஒரு வரி இல்ல, எட்டு வருஷம் இருக்கார். அக்டோபர் வந்தா வருவார், நவம்பர்ல போயிடுவார்."

"விருந்தாளியாவா?"

"பூட்ஸ் தைக்க. எங்க ஆண்டனி காலைக் கடிச்ச பூட்ஸ் அவர் தைச்சதுதான்."

லிட்டில்டன் பூதக்கண்ணாடியை எடுத்தார். எட்டு வருஷத்துப் பக்கங்களையும் பார்த்தார். பிறகு நோட்டை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார்.

"இது வேற வில்லியம் ப்ராக்டர்" என்றார்.

எர்னஸ்டீன் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். நேர்மையாகக் கைவேலை செய்து பிழைத்த ஒரு மனிதர் கொள்ளுத்தாத்தாவாகக் கிடைத்தார். கொள்ளுப்பேரன் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இல்லாத கேப்டனைத் தேடி அடுத்த மாவட்டத்துக்குக் கார் ஏறினார். இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்.

படித்துக்கொண்டே வந்தபோது உங்களுக்குத் தெரிந்த ஒரு லிட்டில்டன் ஞாபகத்துக்கு வந்திருப்பார். உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்துச் சோறு ஆறிப்போகும்வரை முடிக்காத மாமாவாக இருக்கலாம். நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன். மிஸ் சூசன் குச்சியோடு நின்றாள், எதிரே மனிதர்கள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதைப் படித்தபோது உங்கள் கொள்ளுத்தாத்தாவை எங்கே நிற்கவைத்துப் பார்த்தீர்கள்? வரிசையிலா, குச்சி பிடித்தவள் பக்கத்திலா?

யோசிக்காமலே நிற்கவைத்துவிட்டீர்கள், இல்லையா? நல்லது. அதற்கு ஏதாவது காகிதம் வைத்திருக்கிறீர்களா?